துரை மகள் போன வழி

“துரை மகள் காய்ச்சல்ல செத்துப்போனதா பலகையில எழுதியிருக்கு. நீங்க தோட்டக்காரரோட ஓடிப்போனதா சொல்றீங்க. எது சரி?”

கேட்ட பெண்மணிக்கு ஐம்பது வயது இருக்கும். கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து முண்டியடித்து முன்னால் வந்து நின்றாள். வழிகாட்டி பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

பழைய துரை பங்களாவைப் புதுப்பித்து அருங்காட்சியகமாக்கிய இந்த மூன்று வருடத்தில் அவரை யாரும் இப்படி மடக்கியதில்லை. மாடி வரவேற்பறையில் மாட்டியிருக்கும் துரை மகளின் ஓவியத்துக்கு முன்னால், கொட்டாவி விட்ட பள்ளிப் பிள்ளைகளை உசுப்புவதற்காக ஒரு நாள் அவர் அவிழ்த்துவிட்ட சரடு அது. பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். அன்றிலிருந்து அதைச் சொல்லாமல் அவரால் அந்த ஓவியத்தைத் தாண்ட முடியவில்லை.

“பலகையில இருக்கறது துரை குடும்பம் பரப்பினதும்மா. மானம் போயிடுமேன்னு மறைச்சுட்டாங்க” என்று சமாளித்தார்.

“சரி, எந்த வழியா போனாங்க?”

“சமையலறைப் பின்வாசல்” என்றார், வாயில் வந்ததை.

“எப்போ?”

“பட்டப்பகல்ல. துரை வேட்டைக்குப் போயிருந்தார்.”

பெண்மணியின் முகம் சிவந்தது. “உங்க மேலதிகாரியை நான் இப்பவே பார்க்கணும்.”

நாக்கில் சனி என்று தன்னையே திட்டிக்கொண்டு வழிகாட்டி அவளைக் கீழே அழைத்துப் போனார். காப்பாட்சியர், தேதியில் ஒரு நாள் பிசகினாலே சாமியாடுகிறவர். விஷயத்தைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“எந்த ஆவணத்துலய்யா இருக்கு இந்தக் கதை?”

“எதுலயும் இல்லீங்க சார். பிள்ளைங்க தூங்கி வழியுதேன்னு நானா இட்டுக்கட்டினேன். பின்வாசல், பட்டப்பகல் எல்லாமே புளுகு.” பெண்மணியின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். “மன்னிச்சிடுங்கம்மா. இனிமே பலகையில உள்ளதைத் தவிர ஒரு எழுத்து பேசமாட்டேன்.”

“சும்மா மழுப்பாதீங்க!”

அவள் ஒரு பழைய புகைப்படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். ஓவியத்திலிருந்த அதே நீண்ட மூக்கு, அதே குறும்புச் சிரிப்பு, ஆனால் தலை முழுக்க நரை. பக்கத்தில் முண்டாசு கட்டிய ஒருவர். சுற்றிலும் ஏழு பிள்ளைகள்.

“இவங்க எங்க கொள்ளுப்பாட்டி. இவர்தான் தோட்டக்காரர், எங்க கொள்ளுத்தாத்தா. பின்வாசல் சரி, பட்டப்பகல் சரி. ஆனா துரை வேட்டைக்குப் போகலை, மாடியில குறட்டை விட்டுக்கிட்டிருந்தார். நாலு தலைமுறையா நாங்க வெளியில மூச்சு விடாத விஷயம் சார் இது. உண்மையைச் சொல்லுங்க, உங்ககிட்ட உளறிக்கொட்டினது எங்க சின்ன மாமாதானே?”