திரையில் நெளியும் போர்வை

பாலாற்று மணலில் படப்பிடிப்புக்காகப் போட்ட கறுப்புக் கூடாரத்துக்குள், சூப்பர் ஹீரோ முதுகில் பறக்க வேண்டிய பட்டுப் போர்வை திரையில் புழுபுழுவென்று நெளிகிறது. வெளியே உச்சி வெயிலில், கேமராவுக்கு முன்னால், அதே போர்வை அசையாமல் தொங்குகிறது. ஐந்து வாரம் தறியில் உட்கார்ந்து அதை நெய்த கிருஷ்ணவேணி இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறாள். கேமரா உதவியாளன் ‘நெசவுக் குறை’ என்று சீட்டு எழுதிப் போர்வையின் முனையில் கட்டிவிட்டான். அந்தச் சீட்டோடு துணி திரும்பினால் இனி எந்தக் கடைக்காரரும் அவளுக்கு வேலை தரமாட்டார். “இந்தப் படத்தோட முதல் பாகத்துக்கும் நான்தான் சார் நெய்தேன். இதே நூலு, இதே பொடிக்கட்டம். அப்போ நெளிஞ்சுக்கினா இருந்துது?” ஒளிப்பதிவாளர் இளநீரை உறிஞ்சியபடி சொல்கிறார்: “அது பிலிம் கேமராம்மா. இது ஒளிய வாங்குற பெரிய சென்சார் வெச்ச டிஜிட்டல். இழை இழையா காட்டிடும். உன் தப்பு மறையாது.”

அவள் அவர் கழுத்தில் கிடக்கும் மெல்லிய சல்லாத் துணியை உருவிக்கொண்டு வெளியே போய்ப் போர்வையின் மேல் விரிக்கிறாள். வெறும் கண்ணுக்கே அலை அலையாக நெளிகிறது. “ரெண்டு நெசவு ஒண்ணுமேல ஒண்ணு படிஞ்சா இப்படித்தான் அலையடிக்கும். தறிக்காரிக்குத் தெரியாதா? உங்க பொட்டிக்குள்ள என்னாத்த நெய்து வெச்சிருக்கீங்க?” “சென்சார்ல புள்ளி புள்ளியா, வரிசையா இருக்கும்கா,” என்கிறான் உதவியாளன், வாய் தவறி. உறிஞ்சும் சத்தம் நிற்கிறது. அவள் சீட்டை அவிழ்த்துக் கேமராவின் கைப்பிடியில் கட்டுகிறாள். அறுந்த இழையைச் சேர்க்கப் போடும் முடிச்சு அது. இழுத்தால் இன்னும் இறுகும்.