அக்கி வந்த வீடு

"வீட்ல அக்கி வந்திருக்கு, கொஞ்சம் வந்துட்டுப் போம்மா" என்று அப்பா போனில் சொன்னதிலிருந்து மகளுக்கு வங்கியில் இருப்புக் கொள்ளவில்லை. மேனேஜரிடம் சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து ஓடிவந்தாள்.

அப்பா கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"ராத்திரி தூங்கலையாப்பா?"

"எங்க தூங்குறது? இடுப்பைச் சுத்திக் கொப்புளம். துணி பட்டாலே உயிர் போகுது."

மகளுக்கு அழுகையும் கோபமும் முட்டிக்கொண்டு வந்தன.

"வயசானவங்க தடுப்பூசி போட்டுக்கணும்னு அம்மா தலைபாடா அடிச்சுக்கிட்டாளே! நாளைக்கு, நாளைக்குன்னு டிமிக்கி கொடுத்தீங்க. சட்டையைத் தூக்குங்க, பார்க்கிறேன்."

"எனக்கில்லம்மா. அவ விடுவாளா? என்னை இழுத்துட்டுப் போய் ரெண்டு தவணை ஊசியும் போட வச்சுட்டா. என் அக்காவுக்கும், மாடிவீட்டுக்காரருக்கும்கூட."

அப்பா உள்ளறைப் பக்கம் கைகாட்டினார்.

கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள் அம்மா.

"நீ ஏம்மா போட்டுக்கல?"

"உங்கப்பாவுக்கு முதல்ல முடியட்டும்னு இருந்தேன். அப்புறம் உன் அத்தை, அப்புறம் மாடிவீட்டுக்காரர்..." அம்மா முனகினாள். "என்னுது அப்படியே தள்ளிப்போயிடுச்சு."

கதவோரம் நின்றிருந்த அப்பா சொன்னார்.

"நீ போட்டுக்கிட்டியான்னு நாம யாரும் அவளைக் கேக்கலையேம்மா."