முதல் வரிசைச் சிரிப்பு

பிணம் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. முதல் வரிசைக்காரர் பாப்கார்ன் பையைக் காலடியில் வைத்தார். மூக்குக் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டு, முடிவெட்டிக்கொள்ள வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பக்கத்து இருக்கையில் தியேட்டர் மேனேஜர். அவர் படம் பார்க்க வரவில்லை. இவர் வாயைப் பார்க்க வந்திருந்தார்.

சேர்ந்தாற்போல் விடுமுறை நாட்கள் வந்ததில் தியேட்டர் நிரம்பி வழிந்தது. படமும் அப்படி. வெளிநாட்டில் இருக்கும் கதாநாயகன் ஓடி வந்து சேர்வதற்குள் அம்மா கண்ணை மூடிவிடுவாள். அதுவரை ஒரு காட்சியில்கூட முகம் காட்டாத அம்மா. போனில் குரல் மட்டும்தான். ஆனாலும் அவளைக் கிடத்தியிருக்கும் கூடத்தைக் காட்டியதும் ஜனங்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள்.

அந்த அழுகைக்கு நடுவில்தான் இந்த மனிதர் சிரித்தார். ஒவ்வொரு ஆட்டத்திலும், அதே இடத்தில். களுக்கென்று ஆரம்பித்து வயிற்றைப் பிடித்துக்கொள்கிற சிரிப்பு.

அன்று காலை ஆட்டம் முடிந்ததும் ஒரு அம்மாள் மேனேஜரின் அறைக்கே வந்துவிட்டாள்.

"லீவு நாள்ல குடும்பத்தோட நிம்மதியா அழலாம்னு வந்தோம். பாதியில இந்த ஆளு சிரிக்கிறாரு. வந்த அழுகை அப்படியே உள்ள போயிடுச்சு. எவ்வளவோ முயற்சி பண்ணியும் திரும்பி வரல. இதுக்கு யார் பொறுப்பு?"

மேனேஜர் தண்ணீர்ச் சொம்பை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார். சிரிப்புப் படத்தில் யாராவது அழுதால் தண்ணீர் கொடுத்து ஆறுதல் சொல்லலாம். இதற்கு என்ன கொடுப்பது?

முதல் வரிசைக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். பக்கத்துத் தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பார்த்தால் சாதுவாகத்தான் தெரிந்தார்.

"அந்தக் கதாநாயகன் மேல உங்களுக்கு ஏதாவது கோபமா?"

"அவர் பேரே எனக்குத் தெரியாது சார்."

"அப்ப படம் பிடிக்கலையா?"

"பிடிக்காமலா திரும்பத் திரும்ப டிக்கெட் எடுக்கறேன்?"

"பெத்த தாய் செத்துக் கிடக்கறா. கல்லும் கரையுது. உங்களுக்கு மட்டும் என்னய்யா இளிப்பு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அடக்கத்தான் பாக்கறேன். முடியல."

"அப்படின்னா இனிமே உங்களுக்கு டிக்கெட் கிடையாது."

அவர் முகம் சட்டென்று வாடிவிட்டது. "நாளைலேருந்து வேற படம்னு ஒட்டியிருக்கீங்க. இது வேற எங்கயும் ஓடல, விசாரிச்சுட்டேன். சாயங்கால ஆட்டம் மட்டும் விட்டுடுங்க சார். அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

கெஞ்சிய விதத்தில் மேனேஜருக்கு மனசு இளகிவிட்டது. "சரி. ஆனா நான் பக்கத்துலயே உட்காருவேன். சத்தம் வந்துச்சு, பாதியிலயே வெளிய இழுத்துட்டுப் போயிடுவேன்."

"வாயில கைக்குட்டையை வச்சுக்கறேன் சார்."

சாயங்கால ஆட்டத்தில் கூடம் வந்தது. கதாநாயகன் வாசலிலேயே பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அம்மாவின் காலில் விழுந்தான். பின்வரிசைகளில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கிளம்பியது. மேனேஜரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருந்தாலும் வந்த வேலையை மறக்காமல் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்.

கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்ப, மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அழுகிற கதாநாயகனை அவர் கண் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவன் சின்ன வயதுக் கதையெல்லாம் சொல்லி அழுதான். இவர் முகம் சிவந்துகொண்டே போனது.

திடீரென்று கைக்குட்டை பறந்துபோய் விழுந்தது. சிரித்துவிட்டார்.

"மேனேஜர் சார், அந்த ஆளையும் அந்தம்மா பக்கத்துல படுக்க வைங்க," என்று பின்னாலிருந்து ஒரு அழுகைக் குரல் கத்தியது.

மேனேஜர் எழுந்து அவர் கையைப் பிடித்தார். "எந்திரிங்க. நடங்க வெளிய."

அவர் இன்னொரு கையால் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கண் திரையை விட்டு நகரவில்லை. "ஒரு நிமிஷம் சார். கிட்டக்க இன்னொரு தடவை காட்டுவாங்க. அங்க படுத்திருக்கறது என் சம்சாரம்."

மேனேஜரின் பிடி தளர்ந்தது.

"இந்த வேஷத்துக்குத்தான் கூப்பிடுவாங்க. எத்தனையோ படத்துல செத்துக் கிடந்திருக்கா. இதுல தன்னை அடிச்சுக்க ஆளே இல்லைன்னு பீத்திக்குவா. யாரு ரொம்ப நேரம் மூச்சைப் பிடிக்கறதுன்னு வீட்ல எனக்கும் அவளுக்கும் போட்டியே நடக்கும். ஒரு நாள்கூட நான் ஜெயிச்சதில்ல."

"அப்ப அவங்களையும் கூட்டிட்டு வந்து காட்டறதுதானே?"

"படம் வர்றதுக்குள்ள நிஜமாவே போயிட்டா சார்."

மேனேஜர் மெல்ல இருக்கையில் உட்கார்ந்தார். சுற்றிலும் அழுகை உச்சத்தில் இருந்தது. "அப்புறம் எப்படிங்க உங்களுக்குச் சிரிப்பு வருது?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

அவர் திரையை நோக்கி விரலை நீட்டினார். அம்மாவின் நெஞ்சில் வைத்திருந்த வெள்ளைப் பூ நூலளவு மேலே எழுந்து, இறங்கி, மறுபடி எழுந்தது.

"மூச்சு விடுறா பாருங்க."