‘க’ போட்ட குரல்

குரல் மொத்தம் முப்பத்தொரு விநாடிதான். மூன்றாவது விநாடியிலேயே அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

ஹெட்போனில் ஒரு பெண் ‘க’ போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள்.

ஒவ்வோர் எழுத்துக்கு முன்னாலும் ஒரு ‘க’. ‘வா’ என்றால் ‘கவா’. ‘நான்’ என்றால் ‘கநா கன்’. பெரியவர்களுக்குப் புரியாமல் பேச அக்காவும் அவளும் எட்டு வயதில் கண்டுபிடித்த பாஷை. ஒரே அறையில் படுத்து வளர்ந்த எல்லாப் பிள்ளைகளும் தாங்கள்தான் அதைக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருப்பார்கள், அது வேறு விஷயம்.

திரையில் இயந்திரம் எழுதியிருந்தது: மொழி புரியவில்லை. பெறுநர் எண் பயன்பாட்டில் இல்லை. சங்கேதமாக இருக்கலாம். மனிதச் செவி தேவை.

அந்த மனிதச் செவிதான் அவள். ஆறு இருக்கையில் நான்காவது. யார் யாருக்குக் குரல் அனுப்பினாலும் அரசாங்கம் கேட்கலாம் என்று சட்டம் வந்த பிறகு கிடைத்த வேலை. நல்லவர்களுக்கு என்ன பயம் என்று டிவியில் கேட்டார்கள். அன்றிலிருந்து ஊரே போனில் வெயிலையும் மழையையும் பற்றி மட்டும் பேசுகிறது.

அக்கா மெசேஜ் கம்பெனியில் என்ஜினியர். பூட்டிய மெசேஜையும் படிக்க எங்களுக்கு மட்டும் ரகசியமாக ஒரு பின்வாசல் வைத்துக் கொடு என்று வந்து நின்ற அரசாங்க ஆட்களிடம் முடியாது என்றாள். அதோடு விட்டாளா? ஊரைக் கூட்டியும் சொன்னாள். பிடிவாரண்ட் வந்தது. போனவள் போனவள்தான், இன்றோடு இருபத்திரண்டு நாள்.

போவதற்கு முன் வீட்டில் பெரிய சண்டை.

“நான் பூட்டு செய்யறேன். நீ போய் சாவி ஓட்டையில காத வெச்சுட்டு உக்காந்திருக்க.” அக்கா கடைசியாகப் பேசியது அதுதான்.

இப்போது அந்த ஓட்டை வழியாகத்தான் பேசுகிறாள். யாருக்கும் போய்ச் சேராத எண்ணுக்கு அனுப்பினால் ஒட்டுக் கேட்கிறவர்களுக்கு மட்டும்தான் கேட்கும். கெட்டிக்காரி. ஆறு இருக்கையில் எதில் போய் விழும் என்பது மட்டும்தான் அவள் கையில் இல்லை.

மறுபடி ஓட்டினாள். ‘க’க்களை ஒவ்வொன்றாக உதறினாள்.

எலி, நான்தான். இன்ஹேலர் தீந்துபோச்சு. மூச்சு விட முடியல. அம்மா போர்வைய தொலச்சானே, அந்த சலவைக் கடை மாடி. அஞ்சு மணிக்கு பூட்டிடுவான்.

எலி என்று அவளைக் கூப்பிடுவது அக்கா மட்டும்தான். சொல்லுக்குச் சொல் நடுவில் விசில் மாதிரி ஓர் இழுப்பு. சின்ன வயதில் அந்த இழுப்பு நிற்கும்வரை அக்காவின் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்தான். இருபத்திரண்டு நாளாக அவள் பையில் ஒரு புது இன்ஹேலர் இருக்கிறது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மணி மூன்றே முக்கால். பஸ்ஸில் போனால் முக்கால் மணி நேரம்.

பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். இந்தப் பாஷை யாருக்குத்தான் தெரியாது? ஒரு வரி காதில் விழுந்தால் போதும், அக்கா கதை முடிந்தது. ஒலியைக் குறைத்தாள்.

குறிப்பில் தட்டினாள்: தாய் குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுகிறாள். தவறான எண். நீக்கலாம்.

நீக்க மேற்பார்வையாளர் ஒப்புதல் வேண்டும்.

பதிவுகளை முதலில் தான் கேட்டுப் பார்த்து, இன்னாருக்கு இன்னது என்று பிரித்துக் கொடுப்பவர் அவர். முதுகுக்குப் பின்னால் எல்லாரும் டமாரம் என்பார்கள். செவிட்டு டமாரம். யாராவது லீவு என்று வாயைத் திறந்தால் மனிதருக்குக் காது அடைத்துக்கொள்ளும். ஒட்டுக் கேட்கிற ஆபீசுக்கு இப்படி ஒரு தலைவர்!

‘தேடப்படுபவர்’ என்று அக்காவின் படத்தைச் சுவரில் ஒட்டியதும் அவர்தான். அன்று இவள் கையிலிருந்து கோப்பை நழுவிச் சுக்குநூறானது. டமாரத்துக்கு அந்தச் சத்தம்கூடக் கேட்கவில்லை. வேலை விண்ணப்பத்தில் கூடப்பிறந்தவர்கள் என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தாள். பொய்யில்லை. அக்கா பெரியம்மா மகள்.

டமாரம் வந்தார். குறிப்பைப் படித்தார். ஹெட்போனுக்குக் கை நீட்டினார்.

ஒரு பக்கத்தை மட்டும் காதில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார். அந்த முப்பத்தொரு விநாடியில் அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

குனிந்து, ‘நீக்கு’ என்ற இடத்தில் அழுத்தினார்.

போன உயிர் திரும்பி வந்தது. அந்தத் தைரியத்தில் கேட்டும்விட்டாள்.

“சார், அம்மாவுக்கு உடம்பு முடியல. இப்பவே கெளம்பணும் சார்.”

அவ்வளவுதான், காது அடைத்துவிட்டது. வயரைச் சுற்றி ஹெட்போனை மேஜையில் வைத்துவிட்டு டமாரம் பாட்டுக்கு நடந்தார்.

ஆறு மணிக்கு முன்னால் அவர் கார்டு இல்லாமல் கதவு திறக்காது. ஐந்துக்குக் கடையைப் பூட்டிவிடுவார்கள், உள்ளே அக்கா இழுத்துக்கொண்டு கிடப்பாள்.

நாலடி போனவர் எதையோ மறந்தவர் போலத் திரும்பி வந்தார். தன் கார்டைக் கழற்றி அவள் கீபோர்டு மேல் வைத்தார். சுவரிலிருந்த படத்தைப் பார்த்தபடியே பல்லுக்குள் சொன்னார்.

“கபோ கம் கமா.”

உதற வேண்டியது மூன்றே மூன்று ‘க’. போம்மா.

பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஆறு இருக்கை இருக்க, அந்தக் குரலை நான்காம் இருக்கைக்கு அனுப்பியவர் யார் என்பது பாதிப் படி இறங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.