ஐந்து மணி வெந்நீர்

எங்கள் தீவின் டெலானிபூரில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்று நான் வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். எதிர்வீட்டு விஜயகுமாரியின் பேட்டரி மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

அவள் புருஷன் அழகர்சாமி ஆறு மாதத்துக்கு முன் படகோடு கடலில் காணாமல் போனார். உடம்பில் ஒட்டின உப்புப் போக தினமும் மாலை ஐந்து மணிக்கு வெந்நீரில்தான் குளிப்பார். மாடியில் சோலாரும் கீழே பேட்டரியும் வைத்ததே அந்தக் குளியலுக்குத்தான் என்று நாங்கள் கிண்டலடிப்போம்.

இப்போது தினமும் மாலை ஐந்து மணிக்கு, எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போதே, பேட்டரித் திரையில் ஆயிரத்து ஐநூறு வாட் ஓடுகிறது. சரியாகக் கால் மணி நேரம். அவர் வாளித் தண்ணீரில் போடும் ஹீட்டர் ராடு இழுக்கும் அளவு அது.

மெயின்லேண்டுக்குக் கூட்டிப்போக அவள் தம்பி கப்பல் டிக்கெட்டோடு வந்திருந்தான். இவள் அசையவில்லை.

"அவர் குளிச்சிட்டிருக்கார்க்கா. நான் எப்படி விட்டுட்டுப் போறது?"

"அரே, உன் பேட்டரிக்குக் கிறுக்குடீ! அந்த ராடைக் கொடு, என் வீட்ல கிடக்கட்டும்."

கொடுத்தாள். மறுநாள் ஐந்து மணிக்கு மூவரும் திரையையே பார்த்தோம். பூஜ்யம். ஐந்தேகால் வரை பூஜ்யம்தான். அவள் அழுது முடித்துப் பெட்டி கட்டினாள். தம்பி எனக்குக் கும்பிடு போட்டான்.

பெருமையோடு வீடு திரும்பினேன். தனிக்கட்டை நான், பூட்டைத் திறந்துதான் உள்ளே போனேன். சமையலறை ஆணியில் ராடு நான் மாட்டியபடியே தொங்கியது. அதன் நுனியிலிருந்து வெந்நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

குளியலறைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.