எங்கள் வீட்டில் மட்டும் வெளிச்சம்

என் கணவர் வயரின் இரண்டு முனையிலும் பிளக் மாட்டி முடித்துவிட்டு, பரிசு வாங்கிய பிள்ளைபோல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

ஒரு முனை வெளியே இருக்கும் ஜெனரேட்டருக்கு. மறுமுனை சமையலறைச் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டுக்கு. சொருகினால் போதும், எல்லா அறையிலும் விளக்கு எரியும்.

மதியம் அடித்த காற்றில் மரம் சாய்ந்து தெருமுனையில் கம்பி அறுந்துவிட்டது. இப்போது பொழுது சாய்கிற நேரம். வீட்டுக்குள் முகம் தெரியவில்லை.

ஜெனரேட்டர் விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஜன்னலுக்கெல்லாம் எட்டாத தூரத்தில், மதில் ஓரமாக வைத்து, புகைக்குழாயைத் தெருப்பக்கம் திருப்பியிருந்தார். புகை உள்ளே வந்தால் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று எங்களுக்கு வகுப்பும் எடுத்தாகிவிட்டது.

ஃப்ரிட்ஜுக்கு ஒரு வயர், ஃபேனுக்கு ஒரு வயர், அது போதும் என்றுதான் அவர் சொன்னார். நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன்.

எனக்கு வீடு முழுக்க எரிய வேண்டும். என் மகள் அதைப் பார்க்க வேண்டும்.

சின்ன வயதில் நான் பார்த்தேன். அப்போது வேறு ஊரில் இருந்தோம். புயல் அடித்து ஊரே இருட்டாகிக் கிடந்த ஒரு சாயங்காலம், அப்பா எங்கிருந்தோ ஒரு ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். இதே மாதிரி ஒரு வயர். இதே மாதிரி சமையலறைச் சுவர்.

குப்பென்று வெளிச்சம் வந்தது.

தெருவில் இருந்த பிள்ளைகள் மொத்தமும் எங்கள் வீட்டில் வந்து விழுந்தார்கள். எதிர்வீட்டு அக்கா அயர்ன் பாக்ஸோடு வந்தாள். பக்கத்து வீட்டு டீச்சர் திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்களோடு வந்தார். காற்றாடிக்கு நேர் கீழே யார் உட்காருவது என்று அடிதடி. அப்பா வாசலில் நின்று, கல்யாண வீட்டுக்காரர்போல் எல்லோரையும் வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் பாடினோம். பாட்டு என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அவ்வளவு கத்தல். அப்பாவை அத்தனை சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பிறகும் பார்த்ததில்லை.

பாதிப் பாட்டில் வெளிச்சம் நின்றது. அப்பாதான் அணைத்தார். அணைத்துவிட்டுத் தெருவில் ஓடினார், பெரியவர்களும் கூடவே ஓடினார்கள். பெட்ரோல் தீர்ந்துவிட்டது, வாங்கத்தான் போகிறார்கள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். இருட்டிலும் பாட்டை விடவில்லை.

கொஞ்ச நாளில் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு இந்த ஊருக்கு வந்தோம். ஆனாலும் அந்தச் சாயங்காலம் என்னோடு வந்தது. என் மகளுக்கு என்று நான் சேர்த்து வைத்திருக்கும் சொத்து அது ஒன்றுதான். சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது.

“சொருகட்டுமா?” என்பதுபோல் கணவர் புருவத்தை உயர்த்தினார். நான் மகளை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன்.

அப்போதுதான் சித்தப்பா எழுந்தார்.

சித்தப்பா அப்பாவின் கூடப்பிறந்தவர் இல்லை. தூரத்துச் சொந்தம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். நாங்கள் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு துணிப்பையோடு வந்து சேர்ந்தவர். அவருக்கு வலது கை முழங்கையோடு முடிந்துவிடும். ஏன் என்று கேட்டால் எனக்கு ஒரு கதை, தம்பிக்கு ஒரு கதை. முதலை கடித்தது என்பார், இரவல் வாங்கிப் போனவன் திருப்பித் தரவில்லை என்பார். அப்பா கடையில் அவருக்குத்தான் கல்லாப்பெட்டிச் சாவி. அவர் வராமல் அப்பா ஒரு வேளைகூடச் சாப்பிட உட்கார்ந்ததில்லை. அப்பா சாகும்போது வீட்டை என் பெயரிலும், சித்தப்பாவை என் பொறுப்பிலும் விட்டுவிட்டுப் போனார்.

எந்த வம்புக்கும் போகாத மனிதர். அவர் இப்போது விறுவிறுவென்று வந்து, இடது கையால் மெயின் சுவிட்சைப் படாரென்று இறக்கினார். ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு என் கணவரின் கையில் இருந்த வயரையும் வாங்கிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்க்கும்படி தலையை அசைத்தார்.

தெருமுனையில், அறுந்த கம்பியைச் சேர்த்துக் கட்ட ஒரு லைன்மேன் கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்தார்.

கணவருக்கு உடனே விளங்கிவிட்டது, முகம் வெளுத்துப்போனது. மெயினை அணைக்காமல் வீட்டுக்குள் ஏற்றுகிற கரண்ட் வீட்டோடு நிற்காது, மெயின் வழியே வெளியேறித் தெருக் கம்பிக்கும் போகும் என்று எனக்கு மெதுவாகச் சொன்னார்.

நியாயம்தான். ஆனாலும் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. என் சாயங்காலத்தை யாரோ கையைப் பிடித்துப் பறித்தது மாதிரி இருந்தது.

“என்ன சித்தப்பா, அன்னைக்கு அப்பா மெயினையெல்லாம் தொடவே இல்ல. ஒண்ணும் ஆகலையே!”

சித்தப்பா என்னைக் கோபமாகப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் என் மகளின் தலையைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

“அன்னைக்கு உங்க வீட்ல மட்டும்தாம்மா வெளிச்சம். கம்பத்து மேலேர்ந்து பார்த்தேன். நீங்க பாடறது அங்க வரைக்கும் கேட்டுச்சு. மெயினை அணைச்சிருப்பாங்கன்னு நினைச்சுத்தான் கம்பியில கைய வச்சேன்.”