பால் கொடுக்கலாம்

குத்துவிளக்கில் மூன்றாவது திரி பற்ற மாட்டேன் என்றது.

அவள் அதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில், பெஞ்சில், மடியில் பிள்ளையோடு.

பிள்ளை அழுது ஓய்ந்து, விரலைச் சப்பி, அதில் ஒன்றும் வராத கோபத்தில் மறுபடி அழுதது. விடிந்ததிலிருந்து பால் கிடையாது. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிறு காலியாக இருக்க வேண்டுமாம்.

அவளுக்கு ரவிக்கை நனைந்து, முந்தானை நனைந்து, உள்ளே மடித்து வைத்த துண்டும் நனைந்திருந்தது.

டிவியில் தெரிந்தது, மாடியிலிருந்த அரங்கம். குழந்தைகள் அறுவை சிகிச்சை மாநாடு. மேடையில் பெரிய டாக்டர். கடல் தாண்டி வந்தவர். பச்சைக் குழந்தைக்குப் பித்தக் குழாய் அடைத்துப்போனால், குடலையே மேலே இழுத்து ஈரலோடு தைத்து வழி பண்ணிவிடுவாராம். பூக்கட்டுவது மாதிரி தைப்பார் என்று நர்ஸ் சொன்னாள்.

இன்றைக்கு அவர் அதைச் செய்து காட்டப்போகிறார். தியேட்டரில் அவர் வெட்டுவதும் தைப்பதும் அரங்கத்துத் திரையில் தெரியும். வந்திருக்கும் டாக்டர்கள் எல்லாரும் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

காட்டுவதற்கு ஒரு குழந்தை வேண்டுமே.

அது இவள் மடியில் இருந்தது. கையில் கட்டிய பட்டையில் எழுதியிருந்தது: பேபி ஆஃப் செவ்வந்தி.

பெயர் இன்னும் வைக்கவில்லை. "கத்தி பட்டுப் பொழச்சு வரட்டும்டி, அப்புறம் தொட்டில் கட்டிக் காதுல சொல்லிக்கலாம்" என்றுவிட்டாள் மாமியார். யமனுக்கு நாமே விலாசம் எழுதிக் கொடுப்பானேன் என்ற கணக்கு.

பிறந்ததிலிருந்தே மஞ்சள். வெயிலில் காட்டு என்றார்கள். காட்டினாள். கீழாநெல்லியை நீ அரைத்துக் குடி, பாலில் இறங்கும் என்றார்கள். குடித்தாள். பிள்ளைக்கு வெளிக்குப் போவது சுண்ணாம்பாய் வெளுத்த பிறகுதான் இங்கே தூக்கி வந்தாள்.

சின்ன டாக்டர் பார்த்ததும் பதறினார். "இந்த வாரமே தெறந்தாகணும்மா. விட்டா ஈரல் கல்லாயிடும்."

மறுநாள் தரையைப் பார்த்தபடி வந்தார். இந்தக் கேஸ் மாநாட்டுக்கு என்று துறைத் தலைவர் எடுத்து வைத்துவிட்டாராம். கல்யாணத்துக்கு என்று வாழைத்தாரை வெட்டாமல் விட்டுவைப்பது மாதிரி.

கொடுத்து வைத்தவள் என்று வார்டே சொன்னது. அவளும் நம்பினாள். பக்கத்துக் கட்டில்காரிக்குப் பொறாமைகூட.

அந்த வாரம் போயிற்று. அடுத்ததும் போயிற்று.

ஈரல் கல்லானாலும் பெரியவர் கை பட்டால் இளகும் என்றார்கள்.

வாசல் பேனரில் பிள்ளையின் படம் இருந்தது, பெரிய டாக்டரின் முழங்கைக்குக் கீழே. "மறுவாழ்வு பெற்ற மழலை." அச்சாபீஸ்காரனுக்கு மட்டும் எல்லாமே முன்கூட்டித் தெரியும்.

திரி பற்றியது. கைதட்டல்.

துறைத் தலைவர் பேசினார். தலைவரைப் பற்றி இன்னொருவர் பேசினார். பெரிய டாக்டருக்கு மாலை போதாதென்று பொன்னாடை. பொன்னாடை போதாதென்று தஞ்சாவூர்த் தட்டு. படம் சரியாக விழவில்லை என்று போட்டோக்காரர் கையை ஆட்ட, போர்த்திய பொன்னாடையை உருவி மறுபடி போர்த்தினார்கள்.

டிவியின் மூலையில் ஒரு சின்னச் சதுரம். அதில் தியேட்டர்.

வெறும் மேஜை. மேலே எரிகிற விளக்கு. பச்சைத் துணியின் நடுவே ஒரு தலையணை அளவுக்கு இடம்.

அவள் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளை மோப்பம் பிடித்து மார்புப் பக்கம் திரும்பியது. அவள் அதைத் தோளுக்கு மாற்றினாள். கொஞ்சம் பொறுடா, சாமி. யாராவது வந்து, பால் கொடு என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா.

பெரிய டாக்டர் மைக்கைப் பிடித்தார். தன் இளமைப் பருவத்திலிருந்து ஆரம்பித்தார்.

கதையில் அவருக்கு வயதாவதாகவே தெரியவில்லை.

பிறகு ஒருவர் வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். கும்பிட்டார். அரங்கமே எழுந்து நின்று தட்டியது.

மாடிப்படியில் கூட்டம் இறங்கியது. முன்னால் பொன்னாடை. கடைசியில் சின்ன டாக்டர், தஞ்சாவூர்த் தட்டைக் காருக்குச் சுமந்துகொண்டு. அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

சதுரத்தில் விளக்கு அணைந்தது.

நர்ஸ் வந்தாள். இவள் முகத்தைப் பார்க்காமல் பிள்ளையின் போர்வையைச் சரிசெய்தாள்.

"பால் குடுத்துடும்மா."

விடிந்ததிலிருந்து காத்திருந்த வார்த்தை.

அவள் கை அசையவில்லை.

"அவருக்கு ஃப்ளைட்டுக்கு நேரமாயிடுச்சாம். அடுத்த வருஷமும் கண்டிப்பா வர்றேன்னு மேடையிலயே சொல்லிட்டாரு."

"சின்ன டாக்டராவது..."

நர்ஸ் போர்வையை இன்னொரு தரம் சரிசெய்தாள்.

"குடும்மா. புள்ள பசியில கெடக்கு."

டிவியில், எந்த ஊரோ, எந்த வருஷமோ, பெரிய டாக்டர் வேறொரு குழந்தையின் வயிற்றைத் திறந்த பழைய படம் ஓட ஆரம்பித்தது. அரங்கம் குறிப்பெடுத்தது.

பூக்கட்டுவது மாதிரிதான் தைத்தார்.

எங்கிருந்தோ பிரியாணி வாசனை வந்தது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

பிள்ளை கவ்வியது. மஞ்சள் கண்ணை மூடி, மூச்சு முட்ட, கன்னத்தில் வழிய வழியக் குடித்தது.

அவள் குனிந்தாள்.

அதன் காதில் ஒரு பெயரைச் சொன்னாள். வழக்கப்படி, மூன்று முறை.